கன்னிமூலை மேசை

பாக்கி பதினெட்டாயிரத்து நானூறு.
நாலு மாதமாய்
‘அடுத்த வாரம் அண்ணாச்சி.’

வசூலுக்குப் போகிறேன் என்றதும்
நானும் வருகிறேன் என்று
அரக்குச் சுங்குடி ஒன்றைக் கட்டிக்கொண்டு
வண்டியில் ஏறிவிட்டாள் கயற்செல்வி.
அழகர்கோவில் ரோட்டில்
காரை வாங்கி நிறுத்த ஆள் வைத்திருக்கிற கடை.
‘சாவியக் குடுக்காதீங்க’ என்றாள்.
கொடுத்தேன்.

உள்ளே இருட்டுமில்லை, வெளிச்சமுமில்லை.
செம்மண் மெழுகிய சுவர்,
கூர் மழுங்கிய மூலைகள்,
விறகுப் புகை கொஞ்சம்.
சுவரில் கொம்போடு ஒரு மாட்டுத் தலையோடு.
‘ஜல்லிக்கட்டு மாடா?’
‘இல்ல மேடம், அரிசோனா.’
சொன்ன பையனின் சட்டையில்
‘ஆண்டி’ என்று பித்தளைப் பட்டை.
முழுப்பெயர் முத்திருளாண்டியாம்,
ஊர் கருமாத்தூர்.

தென்மேற்குச் சமையல் என்றான்.
எனக்குத் தெரிந்த தென்மேற்கு
திருமங்கலம், கல்லுப்பட்டி, ராஜபாளையம்,
அப்புறம் மலை.
மலைக்கு அந்தப் பக்கமே கொட்டித் தீர்த்துவிட்டு
வெறுங்கையோடு நம்மிடம் வரும் ஆடிக்காற்று.
‘அது இல்ல சார், அமெரிக்காவோட தென்மேற்கு.
அங்கயும் மழை கிடையாதாம்.’
சொல்லிவிட்டு அவனே சிரித்தான்.

உட்காரவைத்தது கன்னிமூலையில்.
கல்லாப்பெட்டி இருக்கவேண்டிய இடத்தில்
நான்.
சகுனம் பழுதில்லை.

முதலில் வந்தது
நீலச் சோளத்தில் தட்டிய அடை.
மழைக்கு முந்தைய மேகத்தின் நிறம்.
கயற்செல்வி ஓரத்தைக் கிள்ளி முகர்ந்தாள்.
‘ஏம்ப்பா, சோளத்த சுண்ணாம்புத் தண்ணியிலயா ஊறப்போட்டீங்க?’
ஆண்டி அப்போதுதான் அவளை நிமிர்ந்து பார்த்தான்.
‘ஆமாக்கா.’
மேடம் போய்விட்டது.

பிறகு சுட்ட பூசணி, கருப்புப் பீன்ஸ்,
எலும்பை விட்டுத் தானே கழன்றுகொண்ட ஆட்டுக்கறி.
அதன்மேல் அடர்சிவப்பில்
குழம்பும் இல்லாத, துவையலும் இல்லாத ஒன்று.
நாக்கில் வைத்தேன். ஒன்றுமில்லை.
இரண்டு எண்ணினேன்.
மூன்றாவதில்
காதுமடல்வரை ஏறியது.

முண்டு.
பரமக்குடிச் சரக்கு, பங்குனி லோடு.
ஒரு மூட்டையின் அடியில் ஈரமிருந்து
கிலோவுக்கு நாலு ரூபாய் குறைத்துப் போட்டேனே, அதுதான்.
அந்த ஈரத்தையும் எப்படியோ வறுத்து,
புகை காட்டி,
கருப்பட்டிபோல் எதையோ கரைத்து.

இருபத்தாறு வருடம்
கீழமாரட் வீதியில் தும்மிக்கொண்டே விற்றிருக்கிறேன்.
காது அருகே குலுக்கினால்
விதைச் சத்தத்தில் தரம் சொல்வேன்.
விலை தெரியும், கழிவு தெரியும்,
எந்த லாரியில் எத்தனை கிலோ வாடும் என்றும் தெரியும்.
இது தெரியாது.

மிளகாய் முதன்முதலாய்க் கப்பலேறியது
அந்தப் பக்கத்திலிருந்துதான் என்று
அட்டையில் போட்டிருந்ததைப் படித்துக் காட்டினேன்.
கயற்செல்வி எலும்பைக் கீழே வைத்தாள்.
‘அப்போ பாக்கி
அவங்க நமக்கா, நாம அவங்களுக்கா?’

அடுப்படியிலிருந்து வந்தான் ரோஷன்,
துண்டில் கை துடைத்தபடி.
பன்னிரண்டு வருடம் அங்கே சமைத்துவிட்டு
இங்கே வந்து கடன்பட்டவன்.
‘அண்ணாச்சி, அந்தப் பணம்…’
எனக்கு வாய் நிறைய இருந்தது.
கையை மட்டும் காட்டினேன்.
பொறு என்றும் இருக்கலாம், போ என்றும் இருக்கலாம்.
எப்படி எடுத்துக்கொண்டானோ,
உள்ளே போய்
இன்னொரு கிண்ணம் அனுப்பினான்.

ஆண்டிக்கு எங்கள் கணக்கு தெரியாது.
தோல் உறையில் பில் கொண்டுவந்தான்.
மூவாயிரத்து இருநூற்று அறுபது.
‘கழிச்சுக்கச் சொல்லுவோமே’ என்றேன்.
‘அது வேற, இது வேற’ என்று
கைப்பையிலிருந்து எண்ணி வைத்தாள்,
மேலே நூறு ஆண்டிக்கு.

மாட்டுத்தாவணி தாண்டும்வரை பேச்சில்லை.
ஜன்னலை இறக்கி
நாக்கை லேசாய் நீட்டிக்
காற்றுக் குடித்துக்கொண்டே வந்தாள்.
ஸ்ஸ்… என்றாள்.
பிறகு,
‘அடுத்த மூட்டையாவது
காஞ்சதா அனுப்புங்க அந்தப் பையனுக்கு.’